பஞ்சு சிக்காத காலை

பொழுதுபோக்குப் பூங்காவில் அவளைப் பஞ்சக்கா என்பார்கள். ஆள் அப்படியொன்றும் மெத்தென்று இல்லை. ரோலர் கோஸ்டரை முதல் மேட்டுக்கு இழுத்துப்போகும் இரும்பு வடத்தைச் சோதிப்பது அவள் வேலை. வாசல் திறக்குமுன் வடத்தை ஆமை வேகத்தில் ஓடவிட்டு, கையுறையோடு அதைச் சுற்றிப் பஞ்சைப் பிடித்துக்கொள்வாள். இழை அறுந்திருந்தால் அதன் முனை பஞ்சைக் கவ்வும். ஒன்றிரண்டு என்றால் பாதகமில்லை. கொத்தாகக் கவ்வினால் அன்று வண்டி ஓடாது. மேனேஜரே மறுபேச்சு பேசமாட்டார். மறுபேச்சுக்கென்று ஒரு கணவன் இருந்தான். வண்டியை இயக்குபவனும் அவன்தான்.

அன்று வாசல் திறக்குமுன்பே அவனுடைய தங்கை குடும்பத்தோடு வந்து வரிசையின் முன்னால் நின்றாள். வடம் ஒரு முழுச் சுற்று வந்தது. பஞ்சு எங்குமே சிக்கவில்லை.

"பாத்தியா, பட்டு மாதிரி இருக்கு" என்றான்.

"அதான் பயமா இருக்கு. நடுவுல ஒரு எடத்துல எப்பவும் லேசா பிடிக்குமே, அது எங்க போச்சு?"

அவன் வானத்தைப் பார்த்தான்.

"என்னங்க பண்ணீங்க?"

"கீச்சு கீச்சுன்னு சத்தம். தங்கச்சி பயந்துக்குவாளேன்னு நேத்து கொஞ்சம் கிரீஸ் போட்டேன்."

"கொஞ்சமா? குளிப்பாட்டி வச்சிருக்கீங்க. உள்ள கொத்தா அறுந்திருந்தாலும் பஞ்சு வழுக்கிட்டுப் போயிடும். தொடைச்சுட்டுத்தான் வண்டி."

"வா வான்னு நான்தான்டி கூப்பிட்டேன். என் மானம் போகும்."

"வடம் போனா?"

அவன் ஒரு துணியை எடுத்துக்கொண்டான்.

வரிசையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "என்ன அண்ணி, நாங்க வந்தாத்தான் தொடைக்கிற வேலை வருமா?"

"நீ வந்தாத்தான் உங்க அண்ணன் தொடைக்கிறாரும்மா. அடிக்கடி வா."

வெயில் ஏறிய பிறகு வடம் மறுபடி ஓடியது. பஞ்சக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வழக்கமான இடத்தில் பஞ்சு லேசாக இழுபட்டது. வேறெங்கும் இல்லை.

"அப்போ காலையிலயே ஓட்டியிருக்கலாம்" என்றான் கணவன்.

"ஓட்டியிருக்கலாம்."

அவன் முழங்கைவரை கிரீஸோடு சுவிட்ச் பலகைப் பக்கம் போனான்.

நாத்தனார் முதல் பெட்டியில் உட்கார்ந்தாள். "இவ்வளவு நேரம் தேய்ச்சு, கடைசியில ஒண்ணுமே இல்லையா அண்ணி?"

பஞ்சக்கா அவள் மடிமேல் கம்பியை இறக்கிப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. கையை உள்ள வச்சுக்க."