கையில் மீன் இல்லாமல் வந்தவர்

எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் பெருங்காயத்துக்கும் நடுவில், ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி இருக்கிறது. ரோஸ்மில்க்கில் ஊற்றுகிற ரோஸ் எசன்ஸ். ஒட்டியிருந்த காகிதம் தேய்ந்து, எந்தக் கடைச் சரக்கு என்றுகூடத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் ரோஸ்மில்க் கலப்பதில்லை. ஆனாலும் அம்மா அதை அவ்வப்போது முந்தானையால் துடைத்து, அதே இடத்தில் வைப்பாள். எப்போதாவது மூடியைத் திறந்தால், ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம் எனக்கு நினைவுக்கு வந்துவிடும். ஈரத்தலையோடு, செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே வருவார் நைனா. அம்மா அடுப்பிலிருந்து நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

அப்பாவை நைனா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆந்திரா எல்லை அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில், உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர் அவர். கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீடு. மாதம் முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்ற மனிதர், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் தண்ணீருக்கு முன்னால் உட்கார ஆசைப்பட்டார். சத்தியவேடு போகும் சாலையில், செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெரிய பள்ளம் ஒன்று நீர் தேங்கிக் குட்டையாகி, அதில் ஒரு விவசாயி கட்லாவும் ரோகுவும் வளர்த்தார். பல ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு தூண்டில் கிளப் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு நாளும் அங்கே போட்டி போட்டு மீன் பிடிப்பார்கள். இரவு அங்கேயே மோட்டார் கொட்டகையில் படுக்கை. குட்டைக்காரர் ஒரே ஒரு நிபந்தனையில்தான் இடம் கொடுத்திருந்தார். பிடித்த மீனைத் தண்ணீருக்குள் தொங்குகிற வலைப்பையில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். விசில் ஊதியதும் எடை போட்டுவிட்டு, அதே குட்டையில் திரும்ப விட்டுவிட வேண்டும். ஒரு மீன்கூடக் கரையேறி வீட்டுக்குப் போகக் கூடாது.

இதைக் கட்டிய பெண்டாட்டியிடம் சொல்லி நம்ப வைக்க முடியுமா? நைனாவால் முடியவில்லை. மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கி, மறுநாள் கையை வீசிக்கொண்டு வருகிற மனிதர். வரும்போது குளித்திருக்கிறார். சட்டையில் மீன் கவுச்சி இல்லை. ரோஜா வாசனை அடிக்கிறது. என் அம்மா எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், ஆனால் கூட்டிக் கழிக்கத் தெரிந்தவள். நைனாவுக்கு எங்கேயோ இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள்.

"மீனெல்லாம் எங்கயா?" என்பாள்.

"உட்டுட்டோம் மே."

"புட்ச்ச மீன எவனாச்சும் உடுவானா? சரி, இது இன்னா வாசன?"

"தூண்டிக்கு வெக்கிற மாவுல எசன்ஸ் ஊத்தி பெசையணும். வாசனைக்குத்தான் ரோகு வரும்."

"மீனுக்கு சென்ட்டா? யோவ், பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுயா."

இந்தப் பேச்சைச் சின்ன வயதிலிருந்து நான் எத்தனை முறை கேட்டிருப்பேனோ. நைனா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது இப்போது தெரியும். ஆனால் அன்றைக்கு அம்மாவின் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். ஒருமுறை கிளப்பில் யாருடைய போனிலோ எடுத்த படத்தை அச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். இரண்டு கையாலும் ஒரு பெரிய கட்லாவைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நிற்கிறார். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்த மார்க்கெட்ல நின்னு எடுத்த?" என்றாள். நைனா சிரித்துவிட்டார். சிரித்தது பெரிய தப்பாகிப் போனது. அன்றைக்குத்தான் அம்மா மூலையில் சாத்தியிருந்த தூண்டில் தடியை எடுத்து, வாசற்படியில் வைத்து மிதித்து இரண்டாக உடைத்தாள். நைனா உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு தூண்டிலோ, மாவோ, முள்ளோ எதுவும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. எல்லாவற்றையும் அந்த மோட்டார் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டார். அவர் சொல்வதற்குச் சாட்சியாக இருந்த கடைசிப் பொருளையும் அம்மாவே வெளியே அனுப்பிவிட்டாள்.

போய்ப் பார்த்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். நைனாவே ஒருநாள் கூப்பிட்டார். "நீயே வந்து உன் கண்ணால பாத்துக்க மே. பாப்பாவையும் இட்னு வா" என்றார். அம்மா வர மாட்டேன் என்றாள். அன்று மதியம் என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தபோது, எனக்குச் சொல்வதைப்போலத் தனக்கே சொல்லிக்கொண்டாள்: "போய் அங்க ஒருத்தி இருந்தா? அப்புறம் நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு திரும்பி இந்த ஊட்டுக்கு வர்றது?" சந்தேகமாக இருக்கும்வரை அவளால் சமைக்க முடிந்தது, அவருக்கு வெந்நீர் வைக்க முடிந்தது, சம்பள நாளில் கூடவே போய் மளிகை வாங்க முடிந்தது. உறுதியாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் இருவரும் சண்டைக்காரர்களாகவே இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற நாட்களில் நைனா உலைக்கதையாகச் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பார். அந்த ஒரு சனி ஞாயிறு வந்தால் மட்டும் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

நான் படித்து, அதே தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு காலை ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. சாவுக்கு ஆலையிலிருந்தும் வெளியிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அம்மா அழுதாள், மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவே ஒவ்வொரு முறை புதிதாக ஒரு பெண் உள்ளே நுழையும்போதும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் யாரைத் தேடுகிறாள் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் தகப்பன் செத்துக் கிடந்த அன்று எனக்கு அதிகம் வலித்தது அந்தப் பார்வைதான். அப்படி யாரும் வரவில்லை. கருமாதிக்கும் வரவில்லை. "மானம் இருக்கிறவ போலக்கீது, வரல" என்று அன்று அம்மா சொன்னாள்.

கருமாதி கழிந்து சில நாட்களில் கிளப் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏதோ ஓர் ஆலையில் பாய்லர் பார்ப்பவர், காது கொஞ்சம் மந்தம், அதனால் உரக்கப் பேசுவார். "அண்ணி, இந்த மாசப் போட்டி அண்ணன் பேர்ல வெச்சிக்கிறோம். நீங்களும் பாப்பாவும் வரணும். அண்ணனோட தூண்டிலும் எங்ககிட்டதான் கீது" என்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "இனிமே தெரிஞ்சா இன்னா, தெரியாகாட்டி இன்னா" என்றாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்பே குளித்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சூளைப் பள்ளம் நான் நினைத்ததைவிடப் பெரியது. கரையோரம் எண் எழுதிய முளைக்குச்சிகள் அடித்திருந்தார்கள். மூடிப்போன ஏதோ ஓர் ஆலையின் பித்தளை டோக்கன்களை ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுத்து, வந்த எண்ணுக்கு நேராகப் போய் உட்கார்ந்தார்கள். சட்டியில் ஒரு டோக்கன் மிஞ்சியது. பழக்க தோஷத்தில் நைனாவையும் சேர்த்து எண்ணிப் போட்டுவிட்டார்கள். பிறகு செயலாளர் அதை எடுத்து அம்மாவிடம் நீட்டி, "அண்ணன் எடம் அது, நீங்க குந்துங்க அண்ணி" என்றார். கொட்டகையிலிருந்து தூண்டிலும் ஒரு துணிப்பையும் வந்தன. தூண்டில் தடியின் நடுவில், செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிப் பசை பூசியிருந்தது. அம்மா உடைத்த அதே தடி. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளாமல் அதையே ஒட்டி வைத்துக்கொண்டு இத்தனை காலம் பிடித்திருக்கிறார். அம்மா அந்த முடிச்சின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பைக்குள் புண்ணாக்குத் தூள், பொட்டுக்கடலை மாவு, கூடவே இந்தப் புட்டி. அம்மா மூடியைத் திறந்தாள். திறந்த கையோடு அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ ஓர் இளைஞர் மாவு பிசைந்து கொடுத்து, எங்களுக்குப் பதிலாகத் தூண்டில் போட்டார். விசில் ஊதியதிலிருந்து பேச்சு இல்லை. அத்தனை ஆண்கள், பாய்லரிலும் லேத்திலும் உலையிலும் காது கிழியும் சத்தத்தில் நிற்கிறவர்கள், மூச்சு விடாமல் தண்ணீரில் மிதக்கும் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் என்னவென்று சொல்வது? கோயிலில்கூட நம் ஜனங்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தூண்டிலில் உச்சிப் பொழுதுக்கு மேல் நடுத்தரமான ஒரு ரோகு விழுந்தது. மறுபடி விசில் ஊதியதும் செயலாளர் தொங்கு தராசை எடுத்துக்கொண்டு கரையோரம் வந்தார். ஒவ்வொருவராக வலைப்பையைத் தூக்கினார்கள், எடை சொன்னார்கள், கவிழ்த்தார்கள். பெரிய பெரிய மீன்கள். ஒரு வாலடி, அவ்வளவுதான், தண்ணீர் மூடிக்கொண்டது. ஒன்றையாவது யாராவது எடுத்து வைப்பார்கள் என்று அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் எடுக்கவில்லை. எங்கள் முறை வந்தபோது, செயலாளர் அந்த ரோகுவை அம்மாவின் கையில் கொடுத்து, "நீங்களே உட்டுடுங்க" என்றார். அம்மா முட்டி போட்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டு, விரலை விரித்தாள். அது உடனே போகவில்லை. உள்ளங்கை மேலேயே செவுளை அசைத்துக்கொண்டு சற்று நின்றது. பிறகு போய்விட்டது.

"நெஜமாவே உட்டுட்றாங்கடி" என்றாள் அம்மா.

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். மனதில் இருந்த முள் எடுபட்டதே, என் நைனா யோக்கியமானவர் என்று தெரிந்துபோனதே என்று எனக்குத்தான் நெஞ்சு நிறைந்திருந்தது. அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டு, ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள்: "எவளாச்சும் இருந்திருந்தாக்கூடத் தேவலடி. அவள நொந்துக்கினு மிச்ச காலத்த ஓட்டியிருப்பேன். இப்ப நான் யார நோவறது?"

கிளம்பும் நேரம் செயலாளர் பம்புசெட்டைக் காட்டி, "கை கால் கழுவிக்கங்க. அண்ணன் இங்க குளிச்சிட்டுத்தான் பொறப்படுவாரு. ஊட்ல அண்ணிக்கு மீன் கவுச்சி ஆவாது, வாந்தி வரும்னு சோப்பு போட்டுத் தேச்சித் தேச்சிக் குளிப்பாரு" என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கா? இவ வயித்துல இருந்தப்ப ஆவாது. அதுக்கப்புறம் நான்தானே மீனே ஆயறேன்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. ஒரு கர்ப்பகாலத்தில் சொன்னதை அந்த மனிதர் ஆயுசு முழுக்க ஞாபகம் வைத்துக்கொண்டு, தன்னைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். அந்தச் சுத்தத்துக்காகவே இவள் அவரைச் சந்தேகித்திருக்கிறாள். சாவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள், பம்புசெட்டுக்குப் பக்கத்தில் சத்தமே இல்லாமல் அழுதாள். கை கழுவவில்லை. ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது மாதாமாதம் நாங்கள் போகிறோம். நைனாவைப்போல இரண்டு நாள் தங்குவதில்லை. ஞாயிறு காலை போய், சாயங்காலம் திரும்பிவிடுவோம். அந்த உடைந்த தடியில் தூண்டில் போடுவது நான். மாவு பிசைவது அம்மா. எசன்ஸ் தீர்ந்தால் வேறு வாங்கி, அந்தப் பழைய புட்டியிலேயே ஊற்றிக்கொள்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயத் திரும்பி வந்தபோது, பக்கத்தில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் வாசலில் நின்று, "இன்னாக்கா, மீன் புடிக்கப் போனீங்களாமே, மீன் எங்க?" என்றாள்.

"உட்டுட்டோம்" என்றாள் அம்மா.

அந்தப் பெண் எங்கள் வெறுங்கையைப் பார்த்தாள். ரோஜா வாசனையை மோந்து, மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள். "போக்கா, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு."

அம்மா உள்ளே வந்து, மடியிலிருந்த புட்டியை எடுத்து அலமாரியில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கையைக் கழுவாமல் போய், கட்லாவை ஏந்திக்கொண்டு நிற்கிற நைனாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "இன்னாயா பண்ணுவ நீ, யார்கிட்ட சொல்லுவ" என்றாள்.