கிறிஸ்துமஸ் அன்று கண் திறக்காத மிசின்

என் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவும்போது அடுப்படி ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுவார். குளிக்கிற மனுசனுக்குக்கூட அவ்வளவு மறைவு தேவைப்படாது. எங்களுடையது தேயிலைத் தோட்டத்து லயம், ஒரே சுவரில் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் 'ஆண்டவரே' என்பார்கள். பேக்டரியில் கொழுந்து அரைக்கும் மிசின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர், வீட்டில் குழம்புச் சட்டி தேய்க்கிறார் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடுமாம்.

எல்லாம் என் கையால் வந்த வினை. பூத்தோட்டத்து வேலையில் செவ்வந்தி கட்டிக் கட்டி, பூச்சிமருந்தும் மலைக்குளிரும் சேர்ந்து விரலெல்லாம் வெடித்துவிட்டது. சோப்புத் தண்ணீர் பட்டால் ரத்தம் கசியும், அழுதுவிடுவேன். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரி டாக்டர், "தண்ணியில கையே வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சிங்க் அவருடையது.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. அன்றைக்கு எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. கோயில் ஜனம், தோட்டத்து ஜனம், லெம்பா பெர்த்தாம் பக்கம் காய்கறி பயிர் போடும் சொந்தங்கள் என்று எல்லாரும் வருவார்கள். அத்தனை பேர் நடமாடும் அடுப்படியில் எந்தத் திரையை இழுப்பது? அதனால் மனுசன் முதல் நாளே பாத்திரம் கழுவும் மிசின் ஒன்றை லோரியில் கொண்டுவந்து இறக்கினார். போட்டுப் பார்த்தார். விளக்கு எரிந்தது, தண்ணீர் சுழன்றது. பெற்ற பிள்ளையைப் போல அதன் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் பூசை முடிந்து வந்து பட்டனை அமுக்கினால் மிசின் செத்துக் கிடக்கிறது.

"கரண்டு வரல" என்றார். அதே பிளக் பாயிண்டில் கேத்தலைச் சொருகினேன், கொதித்தது. பிளக்கைக் கழற்றி ஃபியூஸ் மாற்றினார். மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினார். சோறு பாதி வேக்காட்டில் நின்றது, வாசலில் கட்டிய நட்சத்திரம் அணைந்து எரிந்தது, மிசின் மட்டும் கண் திறக்கவில்லை. கடைக்குப் போன் போட்டேன். கடை முதலாளி சீனத் தவுக்கே மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கதவை இறுக்கச் சாத்தினீர்களா?

என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். "பேக்டரியே என் கையில ஓடுது. எனக்குக் கதவு சாத்தத் தெரியாதாம் லா!"

பேக்டரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம். பழுது என்றால் முதலில் பின்பக்கத்தைக் கழற்றுவார்கள். அவர் மிசினுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார், கரண்டு பார்க்கும் டெஸ்ட் பேனாவும் கையுமாக.

ஜனம் வந்துவிட்டது. கோழிக்கறி ஒட்டிய தட்டுகள் சிங்க்கில் ஏறிக்கொண்டே போயின. விருந்தாளிகளைக் கழுவச் சொன்னால் என் மானம் போகும். ஆண்டவர் விட்ட வழி என்று குழாயைத் திறந்து கையை வைத்தேன். எரிச்சலில் உயிர் போனது.

"கைய எடு! டாக்டர் என்னா சொன்னாரு?"

மிசின் பின்னாலிருந்து ஒட்டடையோடு எழுந்து நின்றார். அவர் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. என்னைத் தள்ளிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கத் தேய்க்க ஆரம்பித்தார். எங்கள் கோயில் உபதேசியார் தட்டோடு எட்டிப் பார்த்தார்.

"என்னா அண்ணே, இதுதான் புது மிசினா?"

"ஆமா லா. இதுக்குக் கரண்டு வேணாம், ஒரு கோப்பி போதும்."

கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

மிசினைச் சுவரோரம் தள்ளலாம் என்று குனிந்தேன். கதவின் மேல் விளிம்பில், பூட்டு விழும் ஓட்டையில், மஞ்சளாக என்னவோ தெரிந்தது. காய்ந்த குருத்தோலை. குருத்தோலை ஞாயிறன்று சிலுவை முடைந்து வீட்டுக் கதவுக்கெல்லாம் சொருகுவது எங்கள் வழக்கம். இந்த மகான் பூசைக்குப் போகும் முன் சாமி படத்தில் இருந்த சிலுவையை எடுத்து இந்தக் கதவுக்கும் சொருகியிருக்கிறார். கதவென்றால் கதவுதானே! சிலுவை ஒடிந்து கீழே விழ, அதன் வால் மட்டும் ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஊக்கால் நெம்பி எடுத்துக் கதவை அழுத்தினேன். 'கிளிக்' என்றது. பட்டனைத் தொட்டதும் விளக்கு எரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். முழங்கைவரை சோப்பு நுரையோடு என் வீட்டுக்காரர். உபதேசியாரின் தட்டைத் தேய்த்துக்கொண்டே அவரோடு ஏதோ வாயடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட எனக்கு அந்த மனுசன் மேல் அப்படி ஓர் ஆசை வந்ததில்லை.

மிசினை அணைத்தேன். மேசையிலிருந்த எச்சில் தட்டுகளை அடுக்கி எடுத்துப் போய் அவர் பக்கத்தில் வைத்தேன்.