கவிழ்த்த சட்டி

புளியறைச் சாலையில் அந்த அக்காவுக்குப் பரோட்டாக்கடை. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, மூக்கில் வைர மூக்குத்தி. தள்ளுவண்டியில் தொடங்கிய குடும்பத்துக்கு இன்று தென்காசியிலும் இரண்டு கடை. சால்னா தீர்ந்ததும் சட்டியைக் கழுவி வாசலில் கவிழ்த்துவிடுவார். அதோடு அன்றைய வியாபாரம் முடிந்தது.

ஒரு சாரல் நாளில், சரியாக என் முறை வரும்போது கவிழ்த்தார். பின்னால் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த கூட்டம்.

“சால்னாவுல கொஞ்சம் தண்ணி ஊத்தியிருந்தா எல்லாருக்கும் வந்திருக்குமே, அக்கா? பக்கத்துக் கடையில அப்படித்தான செய்யுதாங்க” என்றேன்.

“எங்கம்மை கஞ்சியில தண்ணி ஊத்தி ஊத்தித்தான் எங்க அஞ்சு பேரையும் வளத்தா. அது இல்லாத கொடுமையில ஊத்துனது, தம்பி. விக்கதுல ஊத்த மாட்டேன். நாளைக்கு வெள்ளன வாங்க.”

கோபத்தோடுதான் திரும்பினேன். மறுநாள் வெள்ளனவே போனேன். எனக்கு முன்னால் தூக்குச்சட்டியோடு சால்னாவுக்கு நின்றவர், பக்கத்துக் கடை முதலாளி.