எங்கள் வாசல் மட்டும் விட்டுப்போனது

எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடுவதைத் தெரு என்று யாராவது சொல்லிவிட்டால் என் வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. மாநில நெடுஞ்சாலை என்று திருத்துவார். அவர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் ஒரு ட்ரிப், மாலையில் ஒரு ட்ரிப் என்று அரை ஆயுசை இந்த ரோட்டிலேயே ஓட்டியவர். அதனால், ஊரை ஒட்டி வரும் துண்டை மட்டும் வெட்டி உள்ளூர் நிர்வாகத்திடம் கொடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது அவர் அன்று சாப்பிடவே இல்லை என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் நன்றாகவே சாப்பிட்டார். பேர் எதுவாக இருந்தால் என்ன, பள்ளத்தை மூடினால் சரி என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

கைமாற்றும் விழா கல்யாணம் மாதிரியே நடந்தது. கொடுப்பவர்களான மாநிலச் சாலைக்காரர்கள் ஒரு பக்கம், வாங்குபவர்களான ஊர் நிர்வாகத்தார் இன்னொரு பக்கம். நடுவே மேஜை, சால்வைகள், போட்டோகிராபர். பெண் வீட்டார் கொடுத்த சீர் என்னவென்றால், பல வருஷமாகத் தார் காணாத ஒரு ரோடும் அதன் அடியில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த பழைய சிறுபாலங்களும். மாப்பிள்ளை வீட்டார் அதற்கும் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போன எனக்கு ஒரு கிளாஸ் ரோஸ்மில்க் கிடைத்தது. இனிப்பு கொஞ்சம் கம்மி.

இதற்கு முன்பே கொடுப்பவர்கள் வந்து ரோட்டின் நீளத்தைக் குறித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஜீப்பை விட்டு அவர்கள் இறங்கவில்லை. எங்கள் வீட்டருகே ஆரம்பித்து, மலைப்பக்கம் நட்டிருக்கிற கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே அடி அண்ணாமலைத் திசையில் போனார்கள். ஊர் எல்லையில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அந்தக் கற்கள் சொன்ன நீளம்தான் உத்தரவில் ஏறியது.

வாங்கியவர்கள் அப்படி இல்லை, பக்தியுள்ளவர்கள். எங்கள் ரோடு கிரிவலப் பாதையில் ஒரு பகுதி. அளக்கிற வேலையோடு கிரிவலப் புண்ணியமும் சேரட்டும் என்று பௌர்ணமி நாளாகப் பார்த்து வந்தார்கள். செருப்பை வண்டியிலேயே கழற்றிப்போட்டு, நெற்றி நிறைய விபூதி இட்டு, கைப்பிடி வைத்த ஒரு சக்கரத்தை எல்லையிலிருந்து ஊரை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மலையைச் சுற்றுகிறபோது எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே, இடது ஓரமாக. மலையை ஒட்டிய வலது ஓரம் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றி வருகிற சித்தர்களுக்கு உரியது. குறுக்கே தாண்டுவோமே தவிர, நாங்கள் யாரும் அதில் நடப்பதில்லை. சக்கரத்தில் உத்தரவு சொன்ன நீளம் வந்த இடத்தில் நிறுத்தி, ரோட்டின் குறுக்கே மஞ்சள் கோடு போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு முந்தின காலி மனை அது. அங்கேயே நின்று நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று கும்பிடு போட்டுக் கிளம்பினார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். வட்டத்துக்குள் வட்டம் போட்டு, வெளி வட்டத்தின் சுற்றளவு ஏன் ஜாஸ்தி என்று தொண்டை வறளக் கத்தியவள். இத்தனையும் கண்ணெதிரே நடந்தபோது, மோரில் உப்பு சரியாக இருந்ததா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

சில மாதங்களில் புது ரோடு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல ரோடு. கருகருவென்று மஞ்சள் கோடு வரை வந்து, கத்தியால் வெட்டினதுபோல நின்றுவிட்டது. எங்கள் வீட்டைத் தாண்டினால் ஏற்கெனவே ஊருக்குச் சொந்தமான தெரு, அதிலும் தார் இருந்தது. நடுவில் எங்கள் வாசலும் பக்கத்து வெல்டிங் கடை வாசலும், ஒரு பஸ் நிற்கிற அளவு இடம், பழையபடியே கிடந்தது. அந்த இடத்தின் அடியில்தான் ஒரு சிறுபாலமும் இருந்தது. அடுத்த மழையில் ஒரு மணல் லாரி ஏற, பாலத்தின் பலகைக்கல் உள்ளே போய்விட்டது. லாரி எப்படியோ தப்பித்து ஓடியது. எங்கள் பக்கத்துப் பாதி ரோட்டில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது.

இதில் எனக்கு என்ன வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பள்ளம் விழுவதற்குக் கொஞ்ச காலம் முன்பே என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. வாக்கரை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், தினமும் நடந்தே ஆக வேண்டும், நடப்பதை விட்டால் படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதற்காக அவர் ஓர் அடிகூட வைக்கவில்லை. எதிர்ப்பக்கம் இருக்கிற டீக்கடைக்காக நடந்தார். அங்கே காலையில் பழைய டிரைவர், கண்டக்டர் நாலு பேர் கூடுவார்கள். வாக்கரைத் தட்டித் தட்டி ரோட்டைத் தாண்டிப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, குழறுகிற நாக்கோடு அவர்களைத் திட்டிவிட்டு வருவார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

பள்ளம் விழுந்த பிறகு அது நின்றுபோனது. வாசலில் நாற்காலி போட்டு எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நண்பர்கள் சில நாள் சுற்றிக்கொண்டு இங்கே வந்தார்கள், பிறகு அங்கிருந்தே கையாட்டினார்கள். அவர் பேச்சு குறைந்தது. பிறகு வாசலுக்கு வருவதும் குறைந்தது. என் பிள்ளைகள் போனில் வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்லி யோசனை சொன்னார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு மனுஷன் எதற்காக நடப்பான்? ஒரு நாள் வாக்கரில் துணி காயப்போட்டிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இவர் இப்படியே உட்கார்ந்து போய்விடுவார் என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் நான் மனு எழுத ஆரம்பித்தேன்.

கொடுத்தவர்களிடம் போனேன். முழு ரோட்டையும் கொடுத்துவிட்டோம், சால்வை போட்ட போட்டோவே இருக்கிறது என்றார்கள். வாங்கியவர்களிடம் போனேன். மஞ்சள் கோடு வரைக்கும்தான் எங்களுடையது, உத்தரவில் உள்ள நீளத்துக்கு மேல் ஓர் அடியும் நாங்கள் தொட முடியாது என்றார்கள். திங்கட்கிழமைக் குறைதீர்ப்புக் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது என்று போனில் செய்தி வந்தது. எது சம்பந்தப்பட்ட துறை என்பதுதான் மனுவே. பெண் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை, என் வாசலில் பள்ளத்தில் கிடந்தாள்.

தப்பு எங்கே என்று எனக்கு உறைத்தது அடுத்த பௌர்ணமியில். கூட்டம் பள்ளத்தைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது. அப்போதும் சித்தர்கள் பக்கம் போகாமல், பள்ளத்தின் விளிம்பிலேயே உயிரைப் பிடித்துக்கொண்டு இடது ஓரமாகப் போனார்கள். பார்த்துக்கொண்டே நின்றவள் தலையில் அடித்துக்கொண்டேன். ரோடு மலையோடு வளைகிறது. உள் ஓரம் குட்டை, வெளி ஓரம் நீளம். கற்கள் நின்றது உள் ஓரத்தில். சக்கரம் வந்தது வெளி ஓரத்தில். உள் ஓரத்து நீளம் வெளி ஓரத்தில் ஓடி, எங்கள் வாசலுக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

மறுநாளே வாங்கியவர்களின் இன்ஜினியர் முன்னால் போய் உட்கார்ந்து, அவர் மேஜையில் இருந்த டம்ளரையும் அதன் தட்டையும் வைத்துக் கணக்கை விளக்கினேன். சின்ன வயசுக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு கரெக்டுதாங்க டீச்சர். ஆனா அதைச் சரி பண்ணணும்னா மலைப்பக்கம் நடந்து மறுபடி அளக்கணும். எங்க ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் கால் வெக்க மாட்டாங்க."

அப்படியானால் நீங்கள் அளங்கள் என்றேன். அவர் தன் காலைப் பார்த்தார். தனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இந்தச் சமயத்தில் வேண்டாமே என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சக்கரத்தைக் கொடுங்கள், நானே தள்ளுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்த ஓரத்தில் நானும் ஒரு நாள்கூட நடந்ததில்லை. சித்தர்களிடம் எனக்கு எந்த விரோதமும் கிடையாது.

வெல்டிங் கடைக்காரருக்கும் பொறுமை போயிருந்தது. பள்ளத்தால் அவர் கடைக்கு வண்டி வருவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தண்ணீர் போகிற குழாயைப் பதித்து, கம்பி கட்டிக் கொடுத்தார். நான் கொத்தனாரையும் சிமெண்டையும் வரவழைத்தேன். சாயங்காலத்துக்குள் பள்ளம் மூடிவிட்டது. மேலே ஈரச்சாக்கு போட்டு, நானே வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் பத்தாது என்று அதிகாரம் செய்தார். நாங்கள் வாசலில் சண்டை போட்டு வெகு நாள் ஆகியிருந்தது, நன்றாக இருந்தது.

சாக்கை எடுத்த வாரமே ஜீப் வந்தது. கொடுத்தவர்கள். அரசாங்க ரோட்டில் யாரைக் கேட்டு கான்கிரீட் போட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். "இது உங்க ரோடுங்களா?" என்றேன். "பின்ன யாருதும்மா?" என்றார். மழைக்காலம் முழுக்க நான் கேட்டுத் திரிந்த பதில் அது. அடுத்த நாள் வாங்கியவர்களும் வந்தார்கள். அவர்களுக்கும் இது அவர்களுடைய ரோடுதான். அனாதையாகக் கிடந்த இடத்துக்கு இப்படி இரண்டு பக்கமும் சொந்தம் வந்து நின்றது. இது தரமில்லாத வேலை, உடைத்து எடுத்துவிடுவோம் என்று இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். எடுக்கிற அதிகாரம் யாருக்கு என்று அந்தப் பக்கத்தைக் கேட்டு எழுதணும் என்றார் ஊர் நிர்வாகத்திலிருந்து வந்தவர்.

அவர்களும் கிளம்பிப் போனார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டே திரும்பினால், வீட்டுக்காரர் வாக்கரோடு படியில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"யாரு எடுக்கறதுன்னு முடிவு பண்றதுக்கு எத்தினி வருஷம் ஆகும் டீச்சர்?"

அவர் என்னைக் கேலி செய்கிறபோதுதான் டீச்சர் என்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பத்து வருஷம் ஆகும், இல்லாவிட்டால் அதற்கு மேலும் ஆகும் என்றேன்.

"அப்ப போதும்" என்றார். "அதுக்கு மேல நான் நடக்கப் போறதில்ல."

சொல்லிவிட்டு வாக்கரை சிமெண்டின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு டீக்கடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அழுகையாக வந்தது. அவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, பெஞ்சில் உட்கார்ந்து, யாரையோ திட்டுகிற சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.