சோறு தனி, குழம்பு தனி

பிள்ளைகளே, தஞ்சாவூரில் நான் சமையல் செய்யும் ஓட்டலில் மதியம் மூன்று மணிக்குமேல் மிஞ்சுகிற சோற்றை ஆஸ்பத்திரி வாசலில் பசியோடு காத்திருப்பவர்களுக்குக் கொண்டுபோக முதலாளியிடம் அனுமதி வாங்கினேன். முதல் நாளே பெரிய தப்பு செய்தேன். தூக்கிப் போக எளிதாக இருக்கட்டும் என்று சோறு, சாம்பார், ரசம், கூட்டு எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துவிட்டேன்.

வீட்டுக்காரரை வார்டில் சேர்த்துவிட்டு இரண்டு நாளாக வெறும் டீயில் ஓட்டிக்கொண்டிருந்த குத்தாலத்து அம்மா ஒருவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நடவு வேலைக்குப் போகிறவர்.

"எங்க ஊர்ல மாட்டுக்குத்தாங்க இப்படிக் கலந்து வைப்போம்" என்றார். சாப்பிடவில்லை.

எனக்கு முகம் சுண்டிப்போனது. மறுநாள் நான்கு பாத்திரங்களை எடுத்து வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டார்.

"ஓசிச் சோத்துக்கு இத்தனை ஏனமா? பாயசமும் வைக்கவாய்யா?"

"இருந்தா குடுங்க மொதலாளி, எடுத்துட்டுப் போறேன்."

"கொழுப்புய்யா ஒனக்கு. ஒரே வாளின்னா கொண்டு போ, இல்லாட்டி விடு."

"விட மாட்டேங்க. இது யாரும் தின்னு வச்ச மிச்சமில்ல, நான் வடிச்ச சோறு. இங்க இலையில எப்படிப் போடுறோமோ, அங்கயும் அப்படித்தான் போடுவேன். ஏனத்தை நானே கழுவிடுறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

அன்று அந்த அம்மா சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, "கூட்டுல உப்பு கம்மிங்க. ரசம் நல்லாருக்கு, இன்னும் ஊத்துங்க" என்று அதிகாரமாகக் கேட்டார். சந்தோஷமாக இரண்டு கரண்டி ஊற்றினேன்.

முதலாளி இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார். திட்டட்டும்.