நயினார் பெயரை நான் அழிக்கவில்லை

சுவரெழுதுகிறவனுக்குக் கையெழுத்து இருந்தால் போதும், கருத்து இருக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அடுத்தவர் பெயரை ஆளுயரத்துக்கு எழுதி வயிறு வளர்த்தவர்கள் உங்களில் இருந்தால், அது எவ்வளவு கஷ்டமான விதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் காஞ்சிபுரத்தில் ஒரு பழமைவாதக் கட்சிக்கு நான் சுவர் எழுதினேன். கோயிலிலும் நிலத்திலும் தறியிலும் சர்க்கார் கை வைக்கக்கூடாது என்ற கட்சி. கூலிக்குப் போனவன், எழுத எழுத அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். வம்பு அங்கேதான் பிடித்தது.

பெயருக்கு இடம்

தேர்தல் வருகிறது என்றதுமே சுவர் பிடிக்க வேண்டும். வேட்பாளர் யாரென்று தெரியும்வரை காத்திருந்தால் நல்ல சுவரெல்லாம் மற்றக் கட்சிகளுக்குப் போய்விடும். ஆகவே வெள்ளையடித்து, கட்சிப் பெயரையும் கொள்கையையும் எழுதி, நடுவில் வேட்பாளர் பெயருக்கு இடம் விட்டுவைப்போம். அந்தத் தடவை அந்த இடம் காலியாகவே கிடந்தது. சீட்டுக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் பட்டுக்கடை முதலாளி ராஜரத்தினம், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். இன்னொருவர் தென்னேரிப் பக்கம் பயிர்செய்யும் சமணர், தரணேந்திர நயினார்; நினைத்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாதவர்.

எங்கள் கட்சிக் காரியதரிசி முதலாளி பக்கம். நயினார் நின்றால் நம் ஓட்டு மட்டும்தான் விழும், முதலாளி நின்றால் ஊரார் ஓட்டும் சேர்ந்து விழும் என்பது அவர் வாதம். நம் ஓட்டே விழாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"நம்ம ஆளுங்க வேற எங்கபா போவப் போறாங்க?" என்றார்.

கேள்விக்குறி

கடைத்தெருவில் ஒரு நீளச் சுவர் கிடைத்தது. 'கோயில் நிலத்தில் சர்க்காருக்கு என்ன வேலை?' என்று நீலத்தில் எழுதினேன். சீட்டுக் கிடைத்த மாதிரியே நடந்துகொண்டிருந்த முதலாளி வந்து பார்த்தார். கோயில் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், அவர்கள் மனம் கோணும் என்றார். அழித்துவிட்டு, அவர் சொன்னபடி 'கோயிலும் வேண்டும், சர்க்காரும் வேண்டும்' என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து, சர்க்கார் என்ற பேச்சே எதற்கு என்று தோன்றிவிட்டது அவருக்கு. மூன்றாம் முறை வெள்ளையடித்து 'எல்லோரும் நன்றாக இருப்போம்' என்று எழுதி முடித்தபோது எனக்கே அழுகை வந்தது.

எதிரே டீக்கடை வைத்திருந்தவர் மூன்றையும் பார்த்தவர். "இது கட்சி வெளம்பரமாபா, கல்யாணப் பத்திரிகையா?" என்றார்.

பொழுது சாயும்முன்

நயினாரோடு பிள்ளையார்பாளையம் போனேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். அங்கே போய், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தலையில் சர்க்கார் அதிகாரி உட்காரக்கூடாது என்றார் மனிதர். விற்பனைக்குச் சர்க்கார் தரும் தள்ளுபடிக்குக் கை நீட்டினால், சேலைக்கு எந்தக் கரை போட வேண்டும் என்பதையும் நாளை அவன்தான் சொல்வான் என்றார். முனுசாமி என்ற நெசவாளர் தறியை விட்டு எழுந்து வந்தார். எதிர்க்கட்சியில் ஊறிய ஆள். பட்டு நூல் விலை ஏறியபோது எங்களைக் காப்பாற்றியது சங்கம்தான், உங்கள் கட்சி எங்கே போயிருந்தது என்று பிடித்துக்கொண்டார். நயினார் ஒரு வார்த்தைகூடப் பின்வாங்கவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் சுண்ணாம்பு வாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்தால் நயினார் சாப்பிடமாட்டார். சமணர் வழக்கம் அது. ராத்திரி விருந்துக்கு வராத ஆள் எப்படி ஓட்டுக் கேட்பார் என்று கட்சியில் அதற்கும் ஒரு முணுமுணுப்பு. மீதிச் சண்டையை நாளைக்குப் போடலாம் என்று முனுசாமியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். மறுநாள் காலையில் சொன்னபடியே போய் நின்றார், என்னையும் இழுத்துக்கொண்டு. முனுசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓட்டு கெடையாதுங்க. செவுரு வேணும்னா எழுதிக்கோங்க" என்றார்.

ஒரு நாள் அவசரம்

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி வேட்பாளரை முடிவு செய்வதாக ஏற்பாடு. வியாழக்கிழமையே, பிடித்துவைத்திருந்த சுவர் அத்தனையிலும் நயினார் பெயரை எழுதிவிட்டேன். ஊரே பார்த்துவிட்டால் கமிட்டி மாற்றாது என்று ஒரு நப்பாசை. தப்புக் கணக்கு. அந்தச் சுவர்களைக் காட்டித்தான், நயினாரை நம்பினால் கட்சிக் கட்டுப்பாடு போய்விடும் என்று பேசி, முதலாளிக்குச் சீட்டை முடித்தார்கள். நயினாருக்கு என்னால் ஆன உபகாரம் அது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

காரியதரிசி என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அழித்து முதலாளி பெயரை எழுதச் சொன்னார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வருஷத்தில் பாதிச் சோறு எனக்குத் தேர்தல் சுவரிலிருந்துதான் வந்தது. அது தெரிந்தேதான் சொன்னேன்.

"நீ எழுதறவன்பா. தேர்ந்தெடுக்கறவன் இல்ல" என்றார்.

முனுசாமி வீட்டுச் சுவர்

வேறு பெயிண்டர் வந்தார். ஒவ்வொரு தெருவாக நயினார் மறைந்து ராஜரத்தினம் முளைத்தார். பிள்ளையார்பாளையத்தில் மட்டும் வேலை நின்றது. முனுசாமி வாசலில் நின்றுகொண்டு வாளியை இறக்கவிடவில்லை. காரியதரிசியே நேரில் போனார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன். நீங்கள் எதிர்க்கட்சி, எங்கள் வேட்பாளர் யாராக இருந்தால் உங்களுக்கு என்ன என்று காரியதரிசி கேட்டார்.

"செவுரு நான் நயினாருக்குக் குடுத்தது, உங்க கட்சிக்கு இல்ல. ரெண்டு நாளு அந்த மனுசன்கிட்ட சண்ட போட்டுக்கினு இருந்தேன், அவரு இன்னா சொல்றாருன்னு எனக்குத் தெரியும். உங்க மொதலாளிகிட்ட நான் இன்னாத்துக்குன்னு சண்ட போடறது?" என்றார் முனுசாமி.

ஊரார் ஓட்டும் விழவில்லை, நம் ஓட்டும் விழவில்லை, டெபாசிட்டும் போனது; அந்தத் தேர்தலில் எங்கள் கட்சிக் கொள்கைக்காகக் கடைசிவரை நின்றவர் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட முனுசாமி ஒருவர்தான்.