இரண்டு பட்டியலிலும் இருந்த பெயர்

அந்தப் பெண்ணின் பெயரை ஒரே ஒரு சங்கத்தில்தான் எழுதியிருக்க வேண்டும் என்றால், எந்தச் சங்கத்தில் எழுதியிருக்க வேண்டும்? பத்து வருடங்களாக இந்தக் கேள்வியை வைத்திருக்கிறேன். 

போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து செஸ் பலகை ஒன்றைக் கொண்டுவந்தாள். முதல் வகுப்பு படிக்கிறாள். பலகை என்றால் மரம் இல்லை, சுருட்டி வைக்கிற ரெக்சின் விரிப்பு. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அதை விரித்தாள். புது ரெக்சின் வாசம் எழுந்தது. நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது.

"அம்மா, ரசம்!" என்றாள். அவளுக்கு இருக்கிற கவனம்கூட எனக்கு இல்லை.

ஊட்டியில் இந்த விரிப்புகள் புது வாசத்தோடு ஒரு மாதம்தான் இருக்கும். மழைக்காலம் வந்தால் ஈரவாடை ஏறிவிடும். ஓரங்கள் சுருண்டுகொள்ளும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மூலைக்கு ஒரு பாடப்புத்தகம் வைத்து அமுக்குவதுதான் நடுவரின் முதல் வேலை. அந்த நடுவர் நான்தான். சிரிக்காதீர்கள். குதிரை எங்கே போகும் என்பதை இன்றும் விரல் விட்டு எண்ணித்தான் சொல்வேன். குன்னூரில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்த புதிது. நடுவர் தேர்வு எழுது என்றார்கள், எழுதினேன். சொன்னதைச் செய்கிற குணம் அப்போதே இருந்தது. அந்தத் தேர்வில் தேறியவர்கள் மாவட்டத்தில் நாலைந்து பேர்தான். அதில் கையெழுத்து திருத்தமாக இருந்தது எனக்கு மட்டும். அதனால் கூட்டம் எங்கே நடந்தாலும் தீர்மானப் புத்தகம் என் மடிக்கு வந்துவிடும்.

நான் சொல்லப்போவதில் சிரிப்பதற்கு ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அப்போது மாவட்டத்துக்கு ஒரே செஸ் சங்கம். ஆண்டுக் கூட்டம் ஊட்டியில். குன்னூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் கிளம்பினோம். எல்லநள்ளிக்கு முன்னால் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வண்டிகள். ஊட்டியில் காத்திருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு தேர்தலை நடத்தி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சிவசாமி சாரைத் தலைவராக்கிவிட்டார்கள். செய்தி போனில் பஸ்ஸுக்கு வந்தது. குன்னூரில் மருந்துக்கடை வைத்திருந்த ராஜரத்தினம் அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏனுங்க, மெம்பருங்கள்ல பாதிக்கு மேல இந்த பஸ்ஸுலதான் இருக்கறோம். நாம இல்லாம அங்க எப்புடிங்க கூட்டம்? கூட்டம் இங்கதானுங்க. சம்மதம்னா கையத் தூக்குங்க."

"தூக்கறவங்க ஜன்னலுக்கு வெளிய நீட்டாதீங்க" என்றார் கண்டக்டர்.

கைகள் உயர்ந்தன. ராஜரத்தினம் அண்ணன் தலைவரானார். பஸ் குலுங்காமல் நின்றிருந்ததால் தீர்மானத்தை அழகாகவே எழுதினேன். அன்றிலிருந்து ஊட்டிக்காரர்களுக்கு அவர் 'பஸ் தலைவர்'. "டிக்கெட் எடுத்தாரா கேளுங்க" என்பார்கள். குன்னூர்க்காரர்களுக்குச் சிவசாமி சார் 'மழைத் தலைவர்'. "வெயில் அடிச்சா பதவி போயிருமுங்க."

சிரிப்பு அவ்வளவுதான். ஒரு சங்கம் இரண்டானது. இரண்டு முத்திரை, இரண்டு போட்டி, இரண்டு பட்டியல். ஒருவர் போட்டியில் ஆடிய பிள்ளையை மற்றவர் சேர்க்கமாட்டார். இரண்டு பேரின் படிவத்திலும் கடைசியில் ஒரே வரி, ஆங்கிலத்தில்: வேறெந்தச் சங்கத்திலும் பதிவு செய்யவில்லை என்று உறுதி கூறுகிறேன். மாநில அளவில் ஆட வேண்டுமானால் மாவட்டத்திலிருந்து ஒரே பட்டியல்தான் போக முடியும். எந்தப் பட்டியல் போகும் என்பது யாருக்கும் தெரியாது.

அந்த வருடம்தான் நான் ஊட்டியில் ஒரு பள்ளிக்கு மாறினேன். ஊட்டிச் சங்கமும் என்னைக் கூப்பிட்டது, குன்னூர்ச் சங்கமும் விடவில்லை. பேசாத பெண் என்பதால் இரண்டு பக்கமும் என்னைத் தன் ஆள் என்று நினைத்தது. நான் யாருடைய ஆள் என்று எனக்கே தெரியவில்லை.

தர்ஷினி கிளென்மார்கன் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வருவாள். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா புஷ்பம் அக்கா தேயிலைக் கொழுந்து எடுத்தார். எஸ்டேட் கிளப்பில் மூலையில் கிடந்த பெட்டியை வைத்து அவளாகவே ஆடப் பழகியிருந்தாள். அதில் ஒரு குதிரை இல்லை, சோடா மூடிதான் குதிரை. காலை பஸ்ஸில் இறங்கி நேராக ஊட்டியில் நாங்கள் ஆட்டம் நடத்துகிற ஹாலுக்கு வருவாள். ஸ்வெட்டரின் கை நீளம் போதாது. ஆடும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

"குளுருதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்ல மிஸ். கை அவசரப்படுது."

அந்தப் பக்கத்துப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவளிடம் தோற்றுவிட்டு, தேநீர் சூடாக இல்லை என்று என்னிடம் சண்டை போடுவார்கள். பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவளுக்கு அது கடைசி வருடம். கோவையில் ஒரு கல்லூரி, மாநிலப் போட்டியில் ஆடிவிட்டு வந்தால் விடுதியோடு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டிலிருந்து அவள் வெளியே போவதற்கு இருந்த ஒரே வழி அது.

நான் பயந்த சுபாவம். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். அவளுக்கும் அதையேதான் செய்தேன். ஊட்டி பஸ் ஸ்டாண்டில், மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில், புஷ்பம் அக்காவிடம் இரண்டு படிவங்களை நீட்டினேன்.

"ரெண்டு ஃபாரமா டீச்சர்?"

"ஆமாங்க்கா. எந்தச் சங்கம் நிக்கும்னு தெரியல. எது நின்னாலும் அவ பேரு அதுல இருக்கணுமில்லைங்க."

"கடைசியில என்னமோ தனியா ஒரு வரி போட்டிருக்கே?"

"எல்லா ஃபாரத்துலயும் வர்றதுதாங்க்கா."

கொழுந்துக் கறை போகாத விரலால் எழுத்தெழுத்தாகக் கூட்டி இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றை ஊட்டிப் பட்டியலில் சேர்த்தேன், ஒன்றைக் குன்னூர்ப் பட்டியலில். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். 

சமாதானக் கூட்டம் கேத்தியில் நடந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பதால் யாரும் யார் ஊருக்கும் போனதாக ஆகாது. சமரசம் பேசக் கோவையிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். தட்டு நிறைய மொறுமொறுவென்று வர்க்கி ரொட்டி வைத்திருந்தார்கள். நெய் வாசம் அடித்தது. தலைவர்கள் இருவரும் ஒரே தட்டிலிருந்து எடுக்கமாட்டேன் என்றதால் இரண்டாவது தட்டு வந்தது. வக்கீல் நிபந்தனைகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

ஓட்டுக்காக ஒருவர் ஆட்களை மற்றவர் தன் பட்டியலில் திணித்திருக்கிறார் என்று இருவருக்குமே சந்தேகம். அதற்காக வக்கீல் சொன்ன நிபந்தனை இது: இரண்டு சங்கத்திலும் பெயர் உள்ளவர்கள் இரண்டிலிருந்தும் நீக்கப்படுவார்கள், ஓராண்டு கழித்துத்தான் சேரலாம்.

என் பேனா நின்றது.

"சார், வெளையாடற புள்ளைங்களுக்கும் இதுதானுங்களா?"

"அப்படி எத்தன பேரு இருக்காங்க?"

"ஒருத்திங்க. கிளென்மார்கன் தர்ஷினி."

"அட, அந்தப் பொண்ணா" என்றார் சிவசாமி சார். ராஜரத்தினம் அண்ணன், "தங்கமான புள்ளைங்க அது" என்றார். அந்த வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

பிறகு சிவசாமி சார் சொன்னார்: "ஆட்டக்காரங்களுக்கு விலக்குன்னு போட்டுக்கலாமுங்க. ஆனா நாளைக்கு இவரு ஆளுங்க அத்தன பேரும் பலகையத் தூக்கிட்டு, நாங்களும் ஆட்டக்காரங்கதான்னு வந்து நிப்பாங்க."

"ஏனுங்க, என்ற ஆளுங்களா? உங்க மெம்பருல பாதிப் பேத்துக்குக் குதிரை எது கழுதை எதுன்னே தெரியாதுங்க!"

நாற்காலிகள் இழுபட்டன. வக்கீல் மேசையைத் தட்டினார். "ஒரு பேருக்காகத் திரும்ப மொதல்ல இருந்தா? வேற எங்கயும் சேரலைன்னு ஃபாரத்துலயே எழுதிக் குடுத்திருக்காங்கல்ல? அப்பறம் ரெண்டு எடத்துலயும் குடுத்தது யாரு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவங்க அம்மா கையெழுத்துங்க" என்றேன்.

அது பொய் இல்லை. அந்த வாக்கியத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பொய் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால், நான் யாருடைய ஆள் என்று சண்டை கிளம்பிச் சமாதானம் உடைந்து, மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வருடம் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நொடியில் நான் நினைத்தது பிள்ளைகளை இல்லை. என் நடுவர் அட்டையை. பறித்துவிட்டால் வீட்டில் என்ன சொல்வது என்பதை.

"தெரிஞ்சேதான போட்டிருக்காங்க. எழுதுங்கம்மா" என்றார் வக்கீல். எழுதினேன்.

தலைவர் பதவி இரண்டு வருடத்துக்கு ஒருவராக மாறி மாறி வரும் என்று முடிவானது. முதலில் யார்? செஸ்ஸில் வெள்ளை யாருக்கு, கறுப்பு யாருக்கு என்று பார்க்க, ஒரு வெள்ளைச் சிப்பாயையும் கறுப்புச் சிப்பாயையும் இரண்டு கைகளில் மூடி நீட்டுவார்கள். எதிராளி ஒரு கையைத் தொடுவார். அதே மாதிரி பார்த்துவிடலாம் என்றார்கள். பொதுவான ஆள் என்று என்னையே நிற்க வைத்தார்கள். இரண்டு சிப்பாய்களையும் மூடிக் கைகளை நீட்டினேன். சிவசாமி சார் என் வலது கையைத் தொட்டார். வெள்ளை. முதல் இரண்டு வருடம் அவருக்கு. கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். ராஜரத்தினம் அண்ணன் சிவசாமி சாரின் தட்டிலிருந்து ஒரு வர்க்கி எடுத்துக்கொண்டார். அதற்கும் கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கும் வேலை என்னுடையது. அடிக்கோல் வைத்து அவள் பெயரை அடித்தேன். கோணலாகிவிடக் கூடாது என்று கவனமாக அடித்தேன்.

அதே பஸ் ஸ்டாண்டில்தான் அவர்களிடம் சொன்னேன். தர்ஷினி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கைகள் தொடைக்கு அடியில்.

"எதுலயுமே என் பேரு இல்லையா மிஸ்?"

"ஒரு வருஷம்தான் தர்ஷினி."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும் மிஸ்."

அழவில்லை. புஷ்பம் அக்காதான் தலையில் அடித்துக்கொண்டார். "படிக்கத் தெரியாம ரெண்டுலயும் போட்டுட்டேனே டீச்சர். என் கையாலயே கெடுத்துட்டேனே." அப்போது என் வாயில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. கிளென்மார்கன் பஸ்ஸும் வந்து நின்றது. அவர்கள் ஏறிவிட்டார்கள்.

போன மாதம் மகளோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். பின்னாலிருந்து "டீச்சர்" என்று குரல். புஷ்பம் அக்கா. முகம் சுருங்கியிருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. தர்ஷினி திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாளாம்.

"வெளையாடறாளாங்க்கா?"

"எங்க டீச்சர். அதுக்கப்பறம் போர்டத் தொடவே மாட்டேன்னுட்டா. நான் பண்ணுன தப்புக்கு ஒரு வார்த்த திட்டல அவ. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எவ்வளவோ செஞ்சீங்க டீச்சர்." என் மகள் கையில் ஒரு மிட்டாய் வைத்துவிட்டுப் போனார். அதைச் சாப்பிடலாமா என்று அவள் கேட்டாள். வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சிவசாமி சார் இப்போது இல்லை. ராஜரத்தினம் அண்ணன் கடையை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். கேத்தி ஹால் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாகிவிட்டது. பட்டியல் எழுத யாருக்கும் கையெழுத்து தேவையில்லை, எல்லாம் போனில். இரண்டு சங்கங்கள் இருந்தன என்று என் மகளுக்கு செஸ் சொல்லித் தருகிற தம்பியிடம் சொன்னேன். "அப்படியா மேடம், எதுக்கு?" என்றார்.  பெயரை அடித்தபோது அவள் ஜெயித்த ஆட்டங்களும் சேர்ந்து போய்விட்டன. அந்த மனிதர்களெல்லாம் அவளிடம் தோற்றதற்கு இன்று ஒரு தாள்கூட இல்லை.

மகள் கொண்டுவந்த பலகையோடு ஒரு படிவமும் வந்தது. பெற்றோர் கையெழுத்து. ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். கடைசியில் அதே வரி. "கையெழுத்துதான, போட்டுக் குடு. பத்து தடவ படிக்கற அளவுக்கு என்ன இருக்கு?" என்கிறார் என் கணவர். திங்கட்கிழமை போட்டுக் கொடுத்துவிடுவேன்.

உங்களிடம் கேட்பது வேறு. புஷ்பம் அக்காவின் நம்பரை அன்று வாங்கிக்கொண்டேன், தர்ஷினியுடையதையும். உண்மையைச் சொல்லலாமா, கூடாதா என்று உங்களைக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், வேண்டாம் என்பவர்களைத் தேடிப் பிடித்துவிடுவேன். யாரிடம் முதலில் சொல்வது என்றுதான் கேட்கிறேன். அம்மாவிடம் சொன்னால், மகள் எதிரில் இத்தனை வருடம் குனிந்த தலையை அவர் என்ன செய்வார்? மகளிடம் சொன்னால், அம்மாவைத் திட்டாமல் விழுங்கியதையெல்லாம் அவள் என்ன செய்வாள்? மறுபடியும் இரண்டில் ஒன்று. இந்த முறை இரண்டிலும் எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போக முடியாது. பிள்ளை வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சொல்லுங்கள்.